என் பேச்சை ஒட்டுக் கேட்காத அரசாங்கம்

மனிதர் பிறர் வீட்டைக் கண்டு பொறாமைப்படுவர். காரைக் கண்டு பொறாமைப்படுவர். அரசாங்கம் அடுத்தவர் தொலைபேசியை ஒட்டுக் கேட்கிறதே என்று பொறாமையில் வெந்தவன், நானறிந்தவரை, நான் ஒருவனே.

கோலா பிலாவுக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்தில் தொழிலாளருக்கு வீட்டுமனை கேட்டு மறியல் நடந்தது. ஒலிபெருக்கி பிடித்துப் பேசியவர் கோவில் செயலாளர் சன்னாசி. மறுவாரமே, தம் கைப்பேசியில் 'கடகட'வென்று சத்தம் வருவதாகவும் மேலிடம் ஒட்டுக் கேட்பதாகவும் அறிவித்தார். அன்று முதல் எங்கும் அவருக்கே முதல் நாற்காலி, முதல் தேநீர். மறியலுக்கான மனுக்கள் அனைத்தையும் எழுதியவனோ நான்! (ஓய்வுபெற்ற மண்டோர், அதாவது தோட்டக் கங்காணி; அகராதியை வரிவரியாகப் படித்தவன்.) கோவில் தலைவர் தேர்தல் வேறு நெருங்கியது, போட்டி எங்கள் இருவருக்குள். என் கைப்பேசி கடுகளவும் கடகடக்கவில்லை.

ஆகவே தொலைபேசி நிறுவனத்துக்குக் கடிதம் வரைந்தேன்: "எந்தச் சட்டத்தின் கீழ், எவர் ஆணையின் பேரில் என் உரையாடல்கள் கேட்கப்படுகின்றன? என் எண்ணின் மூன்று மாதப் பதிவு முழுவதையும் தருக."

"எதுக்குங்க வம்பு? புடிச்சிட்டுப் போயிட்டா?" என்றாள் மனைவி.

"போகட்டும்! சன்னாசியைப் பிடிப்பதற்கு முன்னால் என்னைக் கொண்டு போகட்டும்!"

பதில் முகவரியாகக் கோவிலையே கொடுத்தேன். அங்கு வரும் கடிதங்களைக் கூட்டத்தில் உரக்க வாசிப்பது செயலாளரின் கடமை. என் பெருமையைச் சன்னாசியே தம் வாயால் வாசிக்கட்டும் என்பது திட்டம்.

நிறுவனம் நேர்மையாகப் பதிலளித்தது. அதுதான் வினையாயிற்று. தேர்தல் கூட்டத்தில் சன்னாசி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மலாய்க் கடிதத்தைத் தமிழில் நிதானமாகச் சொன்னார். சட்டப்படியான ஆணையின்றி எவர் பேச்சும் கேட்கப்படுவதில்லை. கோரிய பதிவு இணைக்கப்பட்டுள்ளது. மூன்று மாதங்களில் வந்த அழைப்புகள் இரண்டு. இரண்டும் ஒரே எண்ணிலிருந்து.

"அது என் நம்பர்லா!" என்று பெண்கள் வரிசையிலிருந்து என் மனைவி எழுந்தாள். "சோறு ஆறுதுன்னு கூப்பிட்டேன்."

"மண்டோரே," என்றார் சன்னாசி, "ஒட்டுக் கேக்கணும்னாலும் யாராச்சும் பேசணும்ல?"

சிரிப்பு அடங்குமுன்பே கைதூக்கி அவரைத் தலைவராக்கிவிட்டனர். (என் கையும், ஏனோ, பாதி உயர்ந்தது.)

சன்னாசியின் கைப்பேசி இன்றும் கடகடக்கிறதாம். எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. நான் கூடத்தில் அமர்ந்திருக்க, பத்தடி தூரத்துச் சமையலறையிலிருந்து தினமும் என் கைப்பேசி அழைக்கப்படுகிறது.

"என்னங்க, சாப்பிட வாங்க. பதிவுல ஏறட்டும்."