உன் மகளை வேறு பள்ளியில் சேர்ப்பது குறித்து

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. நீயும் உன் மனைவியும் நலமாகத்தான் இருப்பீர்கள். கவலையை எல்லாம் என் வீட்டில் விட்டுவிட்டுப் போனவர்களுக்கு என்ன குறை?

என் வீட்டிலிருந்து உன் மகள் போய்ப் படிக்கும் பள்ளியில் தேர்வு முறையை மாற்றிவிட்டார்கள். இனிமேல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாமாம். நான் படித்த கான்வென்ட்டில் தேர்வன்று புத்தகத்தின் அட்டையைப் பார்த்தாலே சிஸ்டர் வெளியே நிறுத்திவிடுவார். இவளோ அறிவியல் தேர்வுக்கு முதல் நாள் காலாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறாள். "படிக்கலையாடி?" என்றேன். "எல்லாம் புக்லதான் இருக்கே அத்தை" என்கிறாள். மருந்தெல்லாம் மருந்துக் கடையில்தான் இருக்கிறது, பிறகு டாக்டர் எதற்கு?

அன்று மாலையே பள்ளிக்குப் போய், தரம் குட்டிச்சுவராகிவிட்டது என்று அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. "அவ்வளவு சுலபம்னா நாளைக்கு நீங்களே எழுதிப் பாருங்களேன் மேடம்" என்றாள். எனக்கா சவால்? மறுநாள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முன்னால் இருந்தவள் திரும்பி, "எத்தனாவது அட்டெம்ப்ட் பாட்டி?" என்றாள். பதில் சொல்வது என் மரியாதைக்குக் குறைவு.

'ஈரத்துணி காற்றில் ஏன் சீக்கிரம் காய்கிறது? சொந்தச் சொற்களில் விளக்குக' என்பது முதல் கேள்வி. நாற்பது வருடமாகத் துணி காயப்போடுகிறேன், எந்தத் துணியும் என்னைக் காரணம் கேட்டதில்லை. சொந்தச் சொற்கள் வைத்துக்கொள்ள எங்களை யார் அனுமதித்தார்கள்? ஆவியாதல் என்ற பாடத்தைத் தேடிப்பிடித்து, வரையறையை ஒரு புள்ளி குறையாமல் எடுத்தெழுதி, அளவுகோல் வைத்து அடிக்கோடும் போட்டேன். இருபது கேள்விக்கும் அப்படியேதான். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

பார்த்து எழுதுவதெல்லாம் ஒரு தேர்வா? ஆகவே இந்த வாரமே வந்து டி.சி. வாங்கி, பழைய முறையில் தேர்வு வைக்கும் பள்ளியில் அவளைச் சேர். அழுகிறாள்தான். "இங்கதான் அத்தை எனக்குப் பாடமே புரியுது" என்கிறாள். புரிவதற்கும் தேர்வுக்கும் என்ன சம்பந்தம்?

உன் மனைவிக்கு என் ஆசிகள். உன் சென்ற கடிதத்தைப் பிழை திருத்தி இத்துடன் இணைத்திருக்கிறேன்.

உன் நலத்தில் உன்னைவிட அக்கறையுள்ள,
அக்கா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் விடைத்தாள் வந்துவிட்டது. நூற்றுக்குப் பதினொன்று, அதுவும் கையெழுத்துக்காக இரக்கப்பட்டுப் போட்டதாம். உன் மகளுக்கு எண்பத்து நான்கு. எனக்கு அடுத்த மாதம் மறுதேர்வு. டி.சி. வாங்க வந்து தொலைக்காதே, எனக்குப் பாடம் சொல்லித்தர அவளை விட்டால் வேறு ஆள் இல்லை. இப்போதுகூட மொட்டை மாடியில், கொடியில் தொங்கும் துணிக்குக் கீழே என்னை நிறுத்தி வைத்திருக்கிறாள். "இன்னொரு தடவை சொல்லுங்க அத்தை, புக்கைப் பார்க்காம."