மைனாவின் சரளமும் விராலின் குட்டையும்

ஒரு காட்டில் ஓர் ஏரியும், ஏரிக்குக் கீழே ஒரு குட்டையும் இருந்தன. ஏரியின் மடைப்பலகையைத் தூக்கினால்தான் குட்டைக்குத் தண்ணீர். தூக்கும் அதிகாரம் மடை அதிகாரியான யானைக்கு மட்டுமே உண்டு. தும்பிக்கையால் ஓர் இழுப்பு இழுத்தால் தீர்ந்தது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவர் தானாக எதையும் இழுத்த சரித்திரம் அந்தக் காட்டில் கிடையாது. மனு நாளன்று யாராவது போய்க் கேட்க வேண்டும்.

அந்தக் கோடையில் குட்டை பாதி சேறாகிவிட்டது. தவளை தாண்டிப் போயிற்று, ஆமை நடந்து போயிற்று. வெள்ளத்தாயி என்கிற விரால் மட்டும் எங்கும் போகவில்லை. அவளாவது சேற்றில் புதைந்து பிழைத்துக்கொள்வாள். அவள் தலைக்கு மேலே செக்கச்செவேலென்று திரிந்த குஞ்சுகளுக்கு அந்த வித்தை இன்னும் வரவில்லை.

அவளுக்கு ஒரே சிநேகிதன் சிங்காரம் என்கிற காக்கை. கரையில் யாராவது திதி கொடுத்தால், தனக்கு வைத்த சோற்றில் பாதியைக் குட்டையில் போடுகிறவன். காக்கைகள் மீன் தின்னும் என்பது அவனுக்கும் தெரியும். அதற்காகச் சிநேகிதி பிள்ளைகளையா?

"தாயி, நான் போய்க் கேக்கிறேன். தண்ணியில்ல, பலகையத் தூக்குங்கன்னு சொன்னா முடிஞ்சது" என்றான்.

வெள்ளத்தாயி தயங்கினாள். "தப்பா நெனைக்காதீங்கண்ணே. உங்க குரலு கொஞ்சம் கரகரன்னு இருக்கும். பெரிய எடத்துல போயி நிக்கணும். மைனா நாவழகன் சார் பேசுனா கேட்டுக்கிட்டே இருக்கலாம். அவரு போகட்டும்ணே."

சிங்காரத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பிள்ளைக்காரி சொல்கிறாள் என்று ஊரைக் கூட்டினான்.

கூட்டம் ஒரே மனதாக மைனாவைத் தேர்ந்தெடுத்தது. அப்புறம்தான் சிக்கல் வந்தது. சும்மா 'மைனா' என்று பிளெக்ஸ் அடிக்க முடியுமா? பேருக்கு முன்னால் ஒரு பட்டம் வேண்டாமா? அவர் பேச்சை எந்த வார்த்தையால் சொல்வது?

"சரளம்" என்றது முயல்.

"சரளம்னா சும்மா தடுக்காம பேசுறது. எம் பையன்கூடப் பேசுவான்" என்றது கரடி. "ஆற்றொழுக்குன்னு போடுங்க."

"கோடையில ஆறு எங்க ஒழுகுது? அருவிப் பேச்சாளர்னு போடலாம்" என்றது மான்.

"நாவன்மை?"

"அது சண்டைக்காரன் மாதிரி இருக்கு."

"வாய்ஜாலம்" என்றது குரங்கு. வாய்ஜாலம் என்றால் ஏமாற்று என்று மைனாவின் மச்சான் எழுந்து நிற்க, ஏமாற்று இல்லை, கலை என்று குரங்கு கையை மடக்க, இருவரையும் பிரித்துவிடுவதற்குள் பொழுது சாய்ந்தது. கடைசியில் நரி சொன்ன 'மடை திறந்த வெள்ளம்' நிறைவேறியது. ஒரே கைதட்டல்.

சிங்காரம் கிளையில் உட்கார்ந்து பார்த்தான். ஆறு, அருவி, வெள்ளம். காட்டிலிருக்கிற தண்ணீர் முழுக்க இவர்கள் வாயில்தான் இருக்கிறது, குட்டையில்தான் இல்லை என்று நினைத்தான். எரிச்சல் தாங்காமல் "வழவழா கொழகொழான்னு போடுங்க" என்று கத்தினான். அவன் பேச்சை எவன் சட்டை செய்தான்?

மனு நாள் வந்தது. டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, மைக்கைப் பிடித்தார் நாவழகன். ஒருவருக்குக் கொஞ்ச நேரம்தான், மணி அடித்தால் இறங்கிவிட வேண்டும்.

"கருணையே உருவான மடை அதிகாரி அவர்களே, அவர்தம் நிழலாக விளங்கும் துணை அதிகாரி காட்டெருமை அவர்களே, கோப்புகளைக் குழந்தைபோல் காக்கும் எழுத்தர் பன்றி அவர்களே..."

ஒரு 'அவர்களே'வை விட்டாலும் விட்டுப்போனவர் முகம் சுருங்கும். அதனால் வாசற்காவல் கீரி வரைக்கும் வந்தார். எங்கும் திக்கவில்லை, திணறவில்லை. "சபையோர்களே, எங்கள் கோரிக்கை என்னவென்றால்" என்றபோது மணி அடித்தது.

யானை எழுந்து நின்று பிளிறியது. பொன்னாடை போர்த்தியது.

"பலகையத் தூக்குங்கய்யா! குஞ்சுக சாவுது!" என்று ஜன்னலிலிருந்து கரைந்தான் சிங்காரம்.

"யாரது, அபசகுனமாக? டோக்கன் இருக்கிறதா? அடுத்த மனு நாளில் வரச் சொல்லுங்கள்" என்றார் காட்டெருமை.

முயல் அந்தப் பேச்சைப் போனில் பிடித்துவந்து குட்டையோரம் ஓட்டிக் காட்டியது. உள்ளங்கையளவு தண்ணீரில் குஞ்சுகளை அணைத்துக்கொண்டு வெள்ளத்தாயி கண் கொட்டாமல் பார்த்தாள்.

"என்ன அழகா பேசுறாரு!" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணின்னு எப்பண்ணே சொல்லுவாரு?" என்று கேட்டாள்.

சிங்காரம் அடுத்த மனு நாளுக்கு டோக்கன் வாங்கப் பறந்தான்.

அடுத்த மனு நாள் வருவதற்குள் குஞ்சுகள் ஒவ்வொன்றாக அடங்கிவிட்டன. ஊர் பதறியது. உடனே இரங்கல் கூட்டம் ஏற்பாடாயிற்று. அதே பிளெக்ஸில் ஓரத்தை மட்டும் கறுப்பாக்கினார்கள். யானையே தலைமை தாங்க வந்தது. குட்டையின் காய்ந்த நடுவில் மேடை. மேடைக்கு அடியில், சேற்றுக்குள், வெள்ளத்தாயி.

"மலரும் முன்னே உதிர்ந்த மொட்டுகளே!" என்று தொடங்கினார் நாவழகன். காடே அழுதது. சிங்காரமும் அழுதான், அழுகிறோமே என்று தன்மேலேயே ஆத்திரப்பட்டுக்கொண்டு அழுதான். வெயில் ஏறியது. பேச்சு ஏறியது. திடீரென்று நாவழகன் தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி" என்றார்.

ஓர் அடைமொழி இல்லை, ஓர் 'அவர்களே' இல்லை. யானை பதறி எழுந்து ஓடியது. ஏரிக்கரைக்குப் போய், தும்பிக்கையால் ஓர் இழுப்பு. பலகை தூக்கிக்கொண்டது. தண்ணீர் குபுகுபுவென்று வந்து குட்டையை நிரப்ப, நாவழகன் ஒரு வாய் குடித்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

"பேச்சுன்னா இதுல்ல பேச்சு! மடையையே திறக்க வச்சிட்டாரே!" என்று கூட்டம் மைனாவைத் தோளில் தூக்கியது.

சேறு கரைந்து வெள்ளத்தாயி மேலே வந்தாள். வழக்கப்படி தலைக்கு மேலே பார்த்தாள். அங்கே தெளிந்த தண்ணீர்தான் இருந்தது. சிங்காரம் கரையில் இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

நீதி: கேட்கிறவர் தாகத்துக்கு மடை திறக்காது; பேசுகிறவர் தொண்டை வறண்டால் திறக்கும். ஆகவே, உங்கள் ஊருக்குத் தண்ணீர் வேண்டுமானால் மனு எழுதாதீர்கள். நல்ல பேச்சாளர் ஒருவரைப் பிடித்து, உச்சி வெயிலில் நிறுத்தி, நிறுத்தாமல் பேச விடுங்கள்.