நாலு ஜிபி காய்ந்துபோன விவரம்

பாகூர்ப் பக்கத்தில் ஓர் அரசு அலுவலகம். பெயரைச் சொன்னால் சொன்னதற்கும் விளக்கம் கேட்பார்கள், வேண்டாம். கிராமத்து இளைஞர்கள் நாளெல்லாம் சொந்த போனில் விளையாடிக் கெட்டுப்போவதைக் கண்டு மனம் வருந்திய மேலிடம், அவர்கள் அரசாங்க போனில் முறைப்படி விளையாடட்டும் என்று கருணைகூர்ந்து 'மின்விளையாட்டு மேம்பாட்டுத் திட்டம்' ஒன்றை அறிவித்தது. அந்த வருஷம் அதுதான் மோஸ்தர். அதற்கு முந்தின வருஷம் யோகா.

திட்டத்தின்கீழ் ஒரு போன் வந்தது. பழைய வீடியோ கேம் கைக்கருவி ஒன்றில் ஒரு காலத்தில் ஓடிய ஆறு கேம்களைப் போட்டு ஒரு மெமரி கார்டும் வந்தது. இருப்புப் பதிவேட்டில் ஏற்றினார்கள்: போன் ஒன்று, கேம் ஆறு, அளவு ஏழு ஜிபி. பொறுப்பாளர், உதவியாளர் ஜெயசீலன்.

கார்டு அந்த ஏழு ஜிபியிலேயே முட்டிக்கொண்டு நின்றது. ஆனால் வருகைப்பதிவுச் செயலி, கருத்துக் கேட்புச் செயலி, வருகைப்பதிவுச் செயலி வேலை செய்கிறதா என்று பார்க்கும் செயலி, இவை மூன்றையும் ஏற்றாமல் எந்த கேமையும் திறக்கக்கூடாது என்பது ஆணை. மூன்றுக்கும் சேர்த்து நாலு ஜிபி இடம் வேண்டும்.

ஜெயசீலன் கெட்டிக்காரர். ஐஎஸ்ஓ என்னும் முழு வடிவத்தில் கிடந்த கேம்களை அலுவலகக் கணினியில் போட்டு, சிஎஸ்ஓ என்னும் சுருக்கிய வடிவத்துக்கு மாற்றினார். கோப்புக்குள் பாதிக்கு மேல் வெறும் பூஜ்ஜியங்கள். மீதியில் சொன்னதையே திரும்பச் சொல்லும் சமாசாரம். நம்முடைய சுற்றறிக்கைகள் மாதிரி. மடித்து வைத்ததில் ஏழு மூன்றானது. ஆடும்போது போனே விரித்துக்கொள்ளும். ஒரு மரம், ஒரு குண்டு குறையாது. செயலிகளும் ஏறின. இளைஞர்கள் கை ரேகை வைத்து, கருத்துத் தெரிவித்து, விளையாடினார்கள். இருபது வருஷ உத்தியோகத்தில் தான் செய்த ஒரு காரியம் உடனே பலன் தந்ததை ஜெயசீலன் அன்றுதான் பார்த்தார்.

மார்ச் மாதம் இருப்புச் சரிபார்க்க சாமிக்கண்ணு வந்தார். நெல் கிடங்கிலேயே முப்பது வருஷம் மூட்டை எண்ணிப் பழுத்தவர். போனைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார்.

"இன்னாபா ஜெயசீலா, ஏழு வந்துகீது. மூணுதான் இருக்குது. மீதி எங்க?"

"சுருக்கிட்டேன் சார்."

"சுருக்குனியே, மீதிய எங்க வெச்ச?"

"மீதின்னு ஒண்ணு இல்ல சார். ஆறு கேமும் முழுசாத்தான் இருக்குது. ஆடிக் காட்டட்டுமா?"

"நான் ஆட வரல. அளக்க வந்தேன்."

'மீதி இல்லை என்று ஊழியரே ஒப்புக்கொண்டார்' என்று சாமிக்கண்ணு எழுதிக்கொண்டார்.

கண்காணிப்பாளர் ராஜ்மோகன் ஜெயசீலனை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். குறைவுப் படிவத்தில் காரணம் மூன்றுதான் உண்டு: உலர்ந்தது, எலி தின்றது, மழை அடித்துப்போனது. சுருக்கம் என்று கட்டமே இல்லை. ஏதாவது ஒன்றில் டிக் அடிக்காவிட்டால் ஆந்திரத்துக்குள் கிடக்கும் யானாம் கிளைக்கு மாற்றல்.

ஜெயசீலன் கணக்குப் போட்டார். இப்போது பகல் சாப்பாட்டுக்கு வண்டியை எடுத்தால் பத்தே நிமிஷத்தில் வீடு. மனைவி ஜோஸ்பின் கையால் சூடாக மீன்குழம்பு. யானாம் என்றால் ஒரு ராத்திரி ரயில், அதற்கப்புறம் முழுக்கத் தெலுங்கு. எலி என்று எழுதினால் எலியை ஆஜர்படுத்தச் சொல்வார்கள். மழை என்றால் அந்த வருஷம் மழையே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு 'உலர்ந்தது' என்பதில் டிக் அடித்தார்.

சாமிக்கண்ணுவின் முகம் மலர்ந்தது. இது அவருக்குத் தெரிந்த விஷயம். கிடங்கிலிருந்து நெல்லின் ஈரம் பார்க்கும் மீட்டரை வரவழைத்தார். சாட்சிகள் இருவர் முன்னிலையில் கார்டை அதன் கிண்ணத்தில் வைத்து மூடினார். மீட்டர் பூஜ்ஜியம் காட்டியது.

"பாத்தியா, பொட்டு ஈரமில்ல. இவ்ளோ காஞ்சா பாதிகூட தங்காது. வெயில்ல போட்டியா?"

"ஜன்னலோரம் இருந்துது சார்," என்றார் ஜெயசீலன். இதுவாவது உண்மை.

ஆனால் விதிப்படி உலர்வுக்கு நூற்றுக்கு இரண்டுதான் தள்ளுபடி. இங்கே குறைந்ததோ நூற்றுக்கு அறுபதுக்குக் கொஞ்சம்தான் கம்மி. அதற்கும் சாமிக்கண்ணுவிடம் வழி இருந்தது. காய்ந்த நெல்லை ஈரச்சாக்கில் போட்டால் எடை ஏறும், வியாபாரிகள் செய்வதுதான், அரசாங்கம் செய்தால் குற்றமில்லை. ஒரு நாள் அவகாசம் கொடுத்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஜெயசீலன் செயலிகளை அழித்தார். சிஎஸ்ஓவைத் திரும்ப ஐஎஸ்ஓவாக விரித்துக் கார்டில் நிரப்பினார். மறுநாள் கார்டை ஈரச்சாக்கில் சுற்றி நீட்டினார். சாமிக்கண்ணு துடைத்துச் செருகிப் பார்த்தார். சரியாக ஏழு. ராஜ்மோகன் கைதட்டினார். செயலிகள் இல்லாததால் இனி யாரும் விளையாட முடியாது என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. கவனித்த இளைஞர்களிடம் கருத்துக் கேட்கும் செயலியும் இல்லை.

காயவைத்தால் ஜிபி குறையும், நனைத்தால் ஏறும் என்று சேதி பரவிற்று. பத்தே நாளில் மேலிடத்து ஆணை வந்தது.

'யானாம் கிளையில் அதே ஆறு கேம்களும் கோதாவரிக் காற்றின் ஈரத்தில் ஊறி ஏழு ஜிபியாகப் பருத்து, செயலிகளுக்கு இடமின்றிக் கிடப்பதாகத் தெரியவருகிறது. கேம்களை உலர்த்துவதிலும் நனைப்பதிலும் நேரடி அனுபவம் பெற்ற ஒரே ஊழியர் என்ற வகையில் திரு. ஜெயசீலன் உடனடியாக அங்கு மாற்றப்படுகிறார்.'

ஜெயசீலன் ராஜ்மோகனிடம் ஓடினார். காயவும் இல்லை, நனையவும் இல்லை, மடித்துப் பிரித்தது மட்டும்தான் என்று முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப கையெழுத்துப் போட்டுக் குடுத்தது பொய்யா?" என்று ராஜ்மோகன் மெதுவாகக் கேட்டார். "அதுக்கு வேலையே போயிடும்பா. யானாம் தேவலை."

ஜெயசீலன் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். ஜோஸ்பின் மாடியில் இருந்தாள். மாற்றலை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே படியேறினார். மொட்டைமாடியில் வெள்ளைத் துணி விரித்து, வற்றல் போடுவதுபோல அவள் போனைக் காயவைத்திருந்தாள். எட்டிப் பார்த்தால் தெருவில் பாதி மாடிகளில் அதே காட்சி.

"வாட்ஸப் வீடியோவா நெறஞ்சி போச்சிங்க. ஒரு போட்டோ எடுக்க வுட மாட்டேங்குது," என்றாள். "காலைலேந்து காயுது. இன்னும் கொறையல. இன்னா தப்பு பண்ணேன்?"

ஜெயசீலன் வாயைத் திறந்தார். ஆணை சட்டைப் பையில் கனத்தது. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று இன்று ஒருமுறை பார்த்தாயிற்று.

"ஒரே பக்கமா போட்டா எப்படிக் காயும்?" என்று சொல்லிக் குனிந்து, போனைத் திருப்பிப் போட்டார்.