உலாவி குறித்த முகூர்த்தம்

உலகத்தைத் திருத்தப் புறப்படுகிறவர்கள் முதலில் வீட்டில் இருப்பவர்களைத்தான் பிடித்துக்கொள்வார்கள். வெளியாட்களுக்கு ஓடித் தப்ப வழி உண்டு. எனக்கு அந்த ஆசை வந்தபோது அகப்பட்டவர்கள் அம்மா, அண்ணை, கனடாவில் இருந்த அக்கா ஆகிய மூவரும்.

அப்போது நான் கணினி படித்து முடித்துவிட்டு வல்வெட்டித்துறையில் வேலைக்காகக் காத்திருந்தேன். (காத்திருந்தேன் என்பது மரியாதைக்காக. உண்மையில் மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்திருந்தேன்.) கீழே தெரு, தெருவுக்கு அப்பால் கடல். எங்களூர் ஆட்கள் ஒரு காலத்தில் தாங்களே கப்பல் கட்டி, காற்றை நம்பித் தூரதேசமெல்லாம் போய் வந்தவர்கள். ஒரு பின்னேரம் அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இணையமும் தொடக்கத்தில் இப்படித்தானே இருந்திருக்கும் என்று தோன்றியது. யாரும் எங்கேயும் போகலாம், எவரும் மறிக்க மாட்டார்கள். இப்போதோ நாலைந்து பெரிய கம்பனிகள் அதற்கு வேலி அடைத்து, படலையில் நின்று வருகிறவர் போகிறவரை எல்லாம் விசாரிக்கின்றன. நீ யார், எந்த ஊர், நேற்று என்ன செருப்புப் பார்த்தாய்? எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. (வெயிலாகவும் இருக்கலாம்.)

கம்பனிகளை எதிர்க்க என்னால் முடிந்த ஒன்று, அவர்களுடைய உலாவியை விட்டுவிடுவது. அண்ணைக்குப் பெண் பார்த்தபோதுகூட எங்கள் வீட்டில் இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை. ஒவ்வோர் உலாவியின் பூர்வீகத்தையும் துருவி, கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். சம்பளம் வாங்காத சிலர் ஆசைக்குச் செய்துவைத்தது. நாம் யார், எந்த ஊர், நம் ஊரில் இப்போது எத்தனை மணி, எதையும் அது ஒருவருக்கும் காட்டிக்கொடுக்காதாம். வாசித்தபோது புல்லரித்தது. அன்று மாலையே வீட்டில் இருந்த எல்லாக் கருவிகளிலும் பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினேன்.

"பிள்ளை, என்ரை தேவாரமெல்லாம் எங்கை?" என்றார் அம்மா.

"அம்மா, அவங்கள் உங்களை உளவு பாத்துக்கொண்டு இருந்தவங்கள்."

"பாத்தால் என்ன? நான் என்ன களவே எடுத்தனான்?"

விடுதலையின் அருமை இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நான் மேலே போய்ப் படுத்துவிட்டேன்.

அதற்குள் அண்ணையின் கல்யாணம் வந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்பு ஒரு நல்ல நாளில் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்குவார்கள். நகை செய்யும் பத்தர் மாப்பிள்ளை வீட்டுக்கே வந்து, சுபநேரத்தில், எல்லோரும் பார்க்கத் தாலிக்கான பொற்காசை உருக்குவார். அந்தக் காசை அனுப்பியிருந்தவள் அக்கா. அப்பா போன பிறகு அண்ணையையும் என்னையும் வளர்த்தவள் அவள்தான். அவளுடைய விசா அலுவல் முடியவில்லை, கனடாவை விட்டு வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. கல்யாணத்துக்கு வர முடியாது என்று தெரிந்த நாளில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "தங்கச்சி, பொன் உருகுற நேரம் மட்டும் எனக்குக் காட்டு. அது போதும்."

நான் பொறுப்பேற்றேன். காணொளி அழைப்புக்கும் கம்பனிகளை அண்டாத ஒரு தளத்தைப் பிடித்து, என் உலாவியில் காலை ஒன்பது நாற்பது என்று நேரம் குறித்து, அக்காவுக்கும் லண்டன் சித்தப்பாவுக்கும் அழைப்பு அனுப்பினேன். கூடவே ஒரு கட்டளையும் போட்டேன்: குடும்பக் குழுவில் ஒருவரும் நாள், நேரம் எழுதக்கூடாது, அந்தக் குழு கம்பனியுடையது, எல்லாம் அழைப்பில் இருக்கிறது. அண்ணை ஒருமுறை, "அக்காட்டை நேரத்தை ஒருக்கால் வாயாலை சொல்லிவிடுவமே?" என்று கேட்டார். நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழும்பிக் குளிக்கப் போய்விட்டார்.

அன்று நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, பத்தர் உமியைப் பரப்பி அமர்ந்துவிட்டார். முக்காலியில் என் மடிக்கணினி. திரையில் ஒரே ஒரு முகம், என்னுடையது.

"எங்கையடி அவள்?" என்றார் அம்மா.

தொலைபேசியில் எடுத்தேன். மணி போனது, அவள் எடுக்கவில்லை. அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும், ஆனால் இதற்காக அவள் விழித்திருக்க மாட்டாளா? மறுபடியும் எடுத்தேன். அம்மா இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றார். அண்ணை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேரம் தப்பப்போகுது, அம்மா," என்றார் பத்தர்.

அக்காவின் காசு உருகியது. திரையில் இருந்த என் முகம் அதைப் பார்த்தது. அந்தத் திரையில் வேறு யாரும் இல்லை.

வந்தவர்கள் சாப்பிட்டுப் போனார்கள். பத்தரும் பொன்னை வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனார். நான் உள்ளறையில் குப்புறப் படுத்தேன். அந்தப் பின்னேர வெக்கையில் வீடே மயங்கிக் கிடந்தது. கடலின் இரைச்சலும் மின்விசிறியின் இரைச்சலும் ஒன்றாகக் கலந்து, நான் அழுகிறேனா நித்திரை கொள்கிறேனா என்றே எனக்குத் தெரியவில்லை. நடுவறையில் அம்மாவும் மாமியும் மிஞ்சிய பலகாரத்தைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"தான் தந்த காசு உருகுறதைப் பாக்கவும் அவளுக்கு மனம் வரேல்லை, மச்சாள்," அம்மாவின் குரல். "கனடாக்காரியாப் போட்டாள். இனி அவளுக்கு நாங்கள் ஆர்?"

"அம்மா, நான் இஞ்சைதான் நிக்கிறன்."

அக்காவின் குரல். நான் எழும்பி ஓடினேன். முக்காலியில், காலையில் இருந்து நான் மூட மறந்த மடிக்கணினியில், அக்கா பட்டுச் சேலையும் தலையில் பூவுமாக நின்றாள். அத்தான் வேட்டியோடு. பிள்ளைகள் இருவரும் பட்டு உடுப்பில் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். பக்கத்துச் சதுரத்தில் லண்டன் சித்தப்பா, திருநீறெல்லாம் பூசி.

"இருட்டோடை எழும்பிச் சீலை உடுத்தனான்," என்றாள் அக்கா. "நீங்கள் ஏன் இப்பவே பலகாரம் அடுக்கிறியள்?"

எனக்கு மெல்ல விளங்கியது. என் உலாவி சொன்ன சொல் தவறாதது. ஊரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக, நாங்கள் கிரீன்விச்சில் குடியிருப்பதாக அது தளத்திடம் சொல்லியிருக்கிறது. நான் எழுதிய ஒன்பது நாற்பது, எங்கள் ஊர்க் கணக்கில் பின்னேரம் மூன்று பத்து ஆகிவிட்டது. நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் சொல்லாதே என்று கேட்டேன். அது என் அக்காவுக்கும் சொல்லவில்லை. இதில் இன்னொரு சிறப்பு, உளவுக்கு எதிராகப் போர் தொடுத்த நான் எங்கள் வீட்டு நடுவறையை அன்று பகல் முழுவதும் கமெராவுக்குத் திறந்து வைத்திருந்தேன். இடுப்புச் சாரம் நழுவத் தூங்கிய பெரியப்பாவைச் சித்தப்பா பார்த்துவிட்டார்.

"பொன் உருக்கியாச்சோ?" என்றாள் அக்கா.

"ஓம், பிள்ளை," என்றார் அம்மா. "உருக்கியாச்சு."

அக்கா தலையில் இருந்த பூவைக் கழற்றி மேசையில் வைத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

"பத்தர் இன்னும் பொன்னைத் தட்டத் தொடங்கியிருக்க மாட்டார், லப்டொப்பைத் தூக்கு," என்றார் அண்ணை. பொன்னுருக்கிய மாப்பிள்ளை படலை தாண்டக்கூடாது என்பதால் நான்தான் போக வேண்டியிருந்தது. ஓட்டோவில் ஏறி, தொலைபேசியின் இணையத்தில் தொடுத்த கணினியை மடியில் விரித்துப் பிடித்துக்கொண்டேன். கடற்கரைத் தெருவில் திரும்பியதும், "தங்கச்சி, அந்தப் பக்கம் திருப்பு," என்றாள் அக்கா.

கணினியைக் கடல் பக்கம் திருப்பினேன். வெயில் சாயத் தொடங்கி, தண்ணீர் முழுவதும் வெளிச்சமாகக் கிடந்தது. கரையில் வள்ளங்கள். யாரோ வலை உதறிக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் சத்தமே வரவில்லை, தொடர்பு அறுந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். அறவில்லை. அக்கா திரைக்கு மிகக் கிட்ட வந்து நின்றாள்.

"மெல்லப் போகச் சொல்லு," என்றாள்.

ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். சைக்கிள்காரர்கள் எல்லாம் எங்களை முந்திப் போனார்கள். எந்தக் கம்பனி என்ன பார்க்கிறது என்ற நினைவே எனக்கு வரவில்லை. அந்தத் தெரு முடியாமலே போகட்டும் என்று இருந்தது.

"என்ன பிள்ளை, கனடாவை மடியிலை வைச்சுக்கொண்டு வாறாய்?" என்றார் பத்தர். கதையைக் கேட்டு, குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை ஒதுக்கி வைத்தார். "உருக்கினதைத் திரும்பக் காட்டேலாது. தட்டுறதை இருந்து பாக்கட்டும்."

அக்கா இருந்து பார்த்தாள். அவளுடைய சன்னலில் மெல்ல விடிந்துகொண்டு வர, இங்கே பொன் தகடாகிக்கொண்டு வந்தது. பொன் உருகியதை ஊரே பார்த்தது. அது தாலியாகத் தொடங்கியதை, கணினி பிடித்திருந்த என்னை விட்டால், எங்கள் வீட்டில் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அம்மாவுக்கு இன்றைக்கும் அதில் சின்னப் பொறாமை.

நான் இன்னும் அந்த உலாவியைத்தான் வைத்திருக்கிறேன். (நேரம் குறிக்க மட்டும் என்னை ஒருவரும் விடுவதில்லை.) யாராவது பிந்தி வந்தால் எங்கள் குடும்பத்தில் காரணம் கேட்பதில்லை. "தங்கச்சியின்ரை நேரம்" என்பார்கள். கல்யாண அழைப்பிதழைப் பார்த்தாலும் சித்தப்பா எனக்குக் கேட்கும்படியாகத்தான் கேட்பார், "இது ஊர் நேரமோ, தங்கச்சியின்ரை நேரமோ?"

போன வருடம் அக்காவின் விசா சரிவந்தது. விமானம் பிந்தி, அவளை ஏற்றி வந்த வானும் வழியில் பழுதாகி, காலையில் வரவேண்டியவள் பொழுது சாயும்போதுதான் வந்தாள். நாங்கள் எல்லோரும் படலையில் நின்றோம். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அக்கா வானை விட்டு இறங்கி, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஏன் அழுறியள்?" என்றாள். "தங்கச்சி குறிச்ச நேரத்துக்குத்தானே வந்திருக்கிறன்."