சோபா வள்ளல்

வள்ளல்களில் பல ரகம் உண்டு. தன் தட்டில் இருப்பதை எடுத்து உங்கள் தட்டில் வைப்பவர் ஒரு ரகம். தன் குடையை உங்களிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போகிறவர் இன்னொரு ரகம். இவர்களெல்லாம் அருகி வருகிறார்கள். நாளுக்கு நாள் பெருகி வருகிற ரகம் ஒன்று இருக்கிறது. அவர்தான் சோபா வள்ளல்.

அவரை அடையாளம் காண்பது ரொம்பச் சுலபம். அவர் வீட்டுக்குப் போய் நீங்கள் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள், "இன்னிக்குத் தங்கிட்டுத்தானே போறீங்க?" என்பார். நீங்கள் தயங்குவீர்கள். தயங்குகிறவரின் தோளில் கைபோட்டு வரவேற்பறைக்குள் தள்ளிக்கொண்டு போய், சுவரோரம் ஒன்றும் தெரியாத சாதுவைப்போல் உட்கார்ந்திருக்கும் ஒரு சோபாவைக் காட்டுவார். "பார்த்தா சோபா, இழுத்தா கட்டில்!" என்பார். பிறகு குனிந்து, அதன் அடியில் தொங்கும் பட்டையைப் பிடித்து, ஒரு காலை முட்டுக்கொடுத்து, மூச்சை அடக்கி இழுப்பார். முதல் இழுப்பில் ஒன்றும் வராது. இரண்டாவதில் சத்தம் மட்டும் வரும். மூன்றாவதில் மொத்தமும் ஒரேயடியாகப் பாய்ந்து வந்து, டீப்பாயைத் தள்ளிக்கொண்டு உங்கள் முழங்காலில் முட்டி நிற்கும். அவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டு, "நம்ம கட்டிலைவிட இதுதான் சொகுசு" என்பார்.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனித்தீர்களா? கட்டிலைவிட இதுதான் சொகுசாம்! அப்படியானால் அவரே தினமும் இதில் படுத்துக்கொள்ளலாமே? யாரும் கேட்பதில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் நம்மில் யாருக்கும் கிடையாது அல்லவா?

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். நம்மவருக்குச் செருப்புத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. வரிசையாக வந்து விழும் செருப்புகளில் ஒன்றை எடுப்பார், இரண்டாக வளைப்பார், குதிகாலில் கட்டைவிரலால் ஓர் அழுத்து. "போகலாம்." அவ்வளவுதான். ஒரு செருப்பையும் காலில் மாட்டிப் பார்த்தது கிடையாது. மாட்டி நடந்து பார்த்துக்கொண்டிருந்தால் வேலை எப்போது முடிவது? சோபா வாங்கப் போன இடத்திலும் அவர் தொழில் தர்மத்தைக் கைவிடவில்லை. நடுவில் ஓர் அழுத்து, ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு குலுக்கு. "போகலாம்" என்றார். கடைக்காரர் வண்டியில் ஏற்றினார்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதில்தான் படுத்தார்கள். மறுநாள் காலையில் நம்மவர் தன் கையாலேயே காபி கொண்டுவந்து நீட்டி, "தூக்கம் எப்படி?" என்று கேட்பார். வேலைக்காரன் எஜமானைக் கேட்பது போல அல்ல. பரிசு வாங்கப் போகிறவன் மேடையைப் பார்க்கிற மாதிரி. விருந்தாளி என்ன சொல்வார்? கையில் அவர் கொடுத்த காபி, தோளில் அவர் கொடுத்த துண்டு. கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பி, "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்" என்பார். அதில் பாதி சத்தியம். தூங்கினேன் என்பதுதான் பொய்.

கண் இருக்கிறவனுக்கு அறிகுறிகள் தெரிந்திருக்கும். மனைவியின் தம்பி வந்திருந்தபோது, காலையில் தலையணையும் போர்வையுமாகத் தரையில் கிடந்தான். "தரையிலதான் படுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு மாமா" என்றான். எந்த டாக்டர் என்று நம்மவர் கேட்கவில்லை. சித்தப்பா ஒரு வாரம் இருப்பதாக வந்தார். இரண்டாம் நாளே அவருக்கு ஊரில் அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது. பணி ஓய்வு பெற்ற மனிதருக்கு என்ன அவசரம்? "பாவம், இந்த வயசிலயும் ஓடிட்டே இருக்காரு" என்று நம்மவர் உச்சுக்கொட்டினார்.

எல்லாம் தங்கை ஃபோன் பண்ணுகிற வரைக்கும்தான்.

தங்கை வேறு ஊரில் நர்ஸ். ஆபரேஷன் தியேட்டரில் நாள் பூராவும் நின்றுகொண்டும் குனிந்துகொண்டும் செய்கிற வேலை. இந்த ஊர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு மாதப் பயிற்சி என்றதும் நம்மவருக்குத் தலைகால் புரியவில்லை. கூடப் பிறந்தது ஒரே ஒருத்தி. கல்யாணம், வேலை என்று ஆளுக்கொரு திசையாகப் போன பிறகு, ஒரே கூரையின் கீழ் ஒரு மாதம் இருப்பது என்பது கனவிலும் நடக்காத காரியம்.

"எந்த வண்டிக்கு வரே? நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"இல்லண்ணா... விடுதியில ரூம் கொடுக்கறாங்க. அங்கயே தங்கிக்கறேன்."

"நம்ம வீடு இருக்கும்போது விடுதி எதுக்கும்மா?"

"ஆஸ்பத்திரிக்குப் பக்கம்ணா. ஞாயித்துக்கெழமை உன்னை வந்து பாத்துட்டு அப்படியே போயிடறேன்."

நம்மவர் ஃபோனை வைத்தார். உள்ளபடியே மனசு வலித்தது. சாப்பிடக் கூப்பிட வந்த மனைவியிடம், "நான் அவளை என்ன சொல்லிட்டேன்? எதுக்குக் கோவம்?" என்று கேட்டார்.

"உங்க மேல கோவம் இல்லீங்க. உங்க சோபா மேல" என்றாள் மனைவி. "போன தடவை வந்துட்டுப் போனாளே, ஒரு வாரம் அவளால தியேட்டர்ல குனியவே முடியலயாம். நடுவுல அந்தக் கம்பி குத்துதுன்னு என்கிட்டதான் சொன்னா."

"எந்தக் கம்பி?"

பாருங்கள் கேள்வியை! வீட்டில் இத்தனை வருஷமாக இருக்கும் கம்பி. மைத்துனனின் விலாவுக்குத் தெரியும், சித்தப்பாவின் இடுப்புக்குத் தெரியும், சோபாவின் சொந்தக்காரருக்குத் தெரியாது.

தெரிந்த பிறகாவது ஒரு தடவை படுத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் சோபா வள்ளல் படுக்க மாட்டார், சீர்திருத்துவார். முதலில் கம்பிக்கு இரண்டு பக்கமும் பழைய துண்டுகளைச் சுருட்டித் திணித்தார். பள்ளம் நிரம்பி, மேடு இன்னும் அகலமானது. அடுத்தது ப்ளைவுட். மெத்தைக்கு அடியில் பலகை போட்டால் கம்பி இருந்த இடம் தெரியாது என்று தொழிற்சாலையில் யாரோ யோசனை சொன்னார்கள். நல்ல யோசனைதான். நம்மவர் நாடாவை எடுத்து அளந்துகொண்டு போய்ப் பலகையை அறுத்து வாங்கிவந்தார். ஆனால் அளந்தபோது சோபாவை விரிக்கவில்லை. மூடியிருந்த சோபாவின் அளவுக்கு வாங்கிய பலகை, விரித்த கட்டிலில் தலையில் ஆரம்பித்து இடுப்போடு நின்றுவிட்டது.

"கால் பக்கம் வேணாமா?" என்றாள் மனைவி.

"காலுக்கு என்னடி கனம் இருக்கு? எல்லாக் கனமும் மேலதான்."

பலகையின்மேல் மெத்தை வழுக்கியது. அதற்குத் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட செருப்பு ரப்பர் தகடுகளைக் கொண்டுவந்து பசை போட்டு ஒட்டினார். மெத்தை நகரவில்லை, பசை நாற்றமும் நகரவில்லை. கடைசியாக, கனத்த ஃபோம் மெத்தை ஒன்றை வாங்கிவந்து எல்லாவற்றுக்கும் மேலே போட்டு, விரிப்பை இழுத்துச் செருகி, உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கை அப்படியே அமுங்கியது. அடியில் என்னென்ன இருக்கிறது என்று கைக்கு ஒன்றும் தெரியவில்லை.

"போகலாம்" என்றார்.

சோபா போகவில்லை. அத்தனை கனத்தையும் மடித்து உள்ளே தள்ள, தொங்கும் பட்டையைப் பிடித்து அவரும், பக்கத்தில் நின்று மனைவியும் முட்டிப் பார்த்தார்கள். மூடவே இல்லை. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடிந்தது. அன்றுமுதல் வரவேற்பறை முழுவதும் கட்டில்தான். சமையலறைக்குப் போகிறவர்கள் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு பக்கவாட்டில் போனார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் தண்ணீர்க் குழாய் விஷயமாகப் பேச வந்தவர், உட்கார வேறு இடமில்லாமல் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து, பேசப் பேசக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சரிந்து, தண்ணீர் எப்போது வரும் என்பதைக் கூரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

"நீங்கதான் ஒருதரம் படுத்துப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"எனக்கெதுக்கு? எனக்குத்தான் கட்டில் இருக்கே!"

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். பெட்டியை வாசலுக்குப் பக்கத்திலேயே வைத்தாள், உள்ளே கொண்டுவரவில்லை. நம்மவர் அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் சாதனையைக் காட்டினார். கம்பி ஒழிந்த கதை, பலகை வந்த கதை, ரப்பர் ஒட்டிய கதை என்று எல்லாம் சொன்னார். தங்கை பொறுமையாகக் கேட்டுவிட்டு, அண்ணனைப் போலவே உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினாள்.

"நல்லா இருக்குண்ணா."

"அப்ப இங்கயே இரு. விடுதிக்கு ஃபோன் போட்டு ரூம் வேணாம்னு சொல்லிடு."

தங்கை அண்ணியைப் பார்த்தாள். அண்ணி வேறெங்கோ பார்த்தாள். அப்போதுதான் அந்த வீட்டு வரலாற்றில் இதுவரை யாரும் கேட்காத கேள்வியைத் தங்கை கேட்டாள்.

"அண்ணா, இதுல நீ என்னிக்காவது படுத்திருக்கியா?"

"படுக்கணுமா என்ன? கை வெச்சாலே தெரியுதே."

"நாங்க யாரும் கைல தூங்கறதில்லையே அண்ணா."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். நம்மவருக்கு முகம் சிவந்தது. அவமானம் ஒரு பக்கம், வாசலில் நிற்கிற பெட்டி ஒரு பக்கம். "சரி!" என்றார். "இன்னிக்கு ராத்திரி நான் இதுல படுக்கறேன். நீ உள்ள அண்ணிகூடக் கட்டில்ல படுத்துக்கோ. காலையில நானே சொல்றேன். நல்லா இல்லேன்னா உன் பெட்டியை நானே தூக்கிட்டு வந்து விடுதியில விடறேன். நல்லா இருந்தா ஒரு மாசமும் இங்கதான். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் தங்கை.

அன்றைய இரவை விவரிப்பது நாகரிகம் அல்ல. ஒரு மனிதனுக்கும் அவன் கொடுத்துக்கொண்டிருந்த தானத்துக்கும் இடையே நடந்த அந்தரங்க விவகாரம் அது. ஃபோம் மெத்தை கைக்கு அமுங்கியது போலவே உடம்புக்கும் அமுங்கியது; அமுங்கி அமுங்கிப் பலகையின் விளிம்புவரை கொண்டுபோய் இடுப்பை அங்கே விட்டது என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

பொழுது விடிந்தது. மனைவி காபியோடு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால், குளித்து உடுத்தித் தயாராகத் தங்கை. அவளுக்கும் பின்னால், வாசலில் பெட்டி. மனைவி ஒரு கையால் காபியை நீட்டி, இன்னொரு கையால் மெத்தையை ஓர் அழுத்து அழுத்தி, நம்மவரின் குரலிலேயே கேட்டாள்:

"தூக்கம் எப்படி?"

நம்மவர் எழுந்திருக்கப் பார்த்தார். இடுப்பு சம்மதிக்கவில்லை. கழுத்தைத் திருப்பப் பார்த்தார். அதுவும் இல்லை. உடம்போடு சேர்த்துத் திரும்பினார். மைத்துனன், சித்தப்பா, எல்லாருடைய முகங்களும் வரிசையாக வந்து போயின. உண்மையைச் சொன்னால் பெட்டியைத் தூக்க வேண்டும். தங்கை போய்விடுவாள். அந்த நினைப்பே இடுப்பைவிட அதிகம் வலித்தது.

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்" என்றார்.

சொன்ன மறுகணமே பகீரென்றது. இதில் இனி தங்கையல்லவா படுக்க வேண்டும்? நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, இந்த விளிம்பில் இடுப்பை வைத்து? வாயைத் திறந்து மறுப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"அப்ப நல்லதாப் போச்சு. உங்களுக்கு இவ்வளவு பிடிச்சிருக்கும்போது அவளுக்கு எதுக்கு? இந்த மாசம் முழுக்க நீங்களே இதுல படுங்க. அவ என்கூட உள்ள படுத்துக்கட்டும்."

"அண்ணா, உனக்குக் கஷ்டமா இருக்காதா?" என்றாள் தங்கை. சிரிப்பை அடக்குவதில் அவள் அவ்வளவு கெட்டிக்காரி அல்ல.

"கஷ்டமா? நம்ம கட்டிலைவிட இதுதானே சொகுசு" என்றார் நம்மவர். தவளை தன் வாயால் கெட்டது. ஆனாலும், தங்கை போய் வாசலில் இருந்த பெட்டியை உள்ளே எடுத்துவந்தபோது, அந்தத் தவளைக்குக் கண் கலங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்த வாரம் முடிவதற்குள் இடுப்போடு நின்றிருந்த பலகை கால்வரை நீண்டது. துண்டுச் சுருள்கள் வெளியே வந்தன. ரப்பர் தகடு கிழிபட்டு, நாற்றமில்லாத பழைய ஜமுக்காளம் அந்த இடத்துக்கு வந்தது. தளர்ந்துபோயிருந்த கால் ஒன்றுக்குத் திருகாணி முடுக்கப்பட்டது. இத்தனை விருந்தாளிகளின் முதுகு இத்தனை வருஷமாகச் சொல்லியும் நடக்காத காரியம், சொந்த இடுப்பு சொன்ன வாரத்திலேயே நடந்து முடிந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்?

உங்கள் வீட்டில் சோபா கம் பெட் இல்லை என்று நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் விருந்தாளிக்கென்று ஒரு தலையணை வைத்திருப்பீர்களே, அலமாரியின் மேல்தட்டில்? ஒரு பாய், ஒரு மடக்குக் கட்டில், பழைய மெத்தை? அதில் எப்போதாவது தலை வைத்துப் பார்த்தீர்களா? வேண்டாம், இப்போதே எழுந்து போய்க் கையால் அழுத்திப் பார்க்காதீர்கள். ஒன்றே ஒன்றை மட்டும் யோசியுங்கள். போன தடவை உங்கள் வீட்டில் தங்கிவிட்டு, காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்" என்று ஒருவர் சொன்னாரே, அவர் அப்புறம் ஏன் வரவே இல்லை?