போர்டு பார்க்காத அக்கா

சென்னையில் இத்தனை ஜனம் பஸ் ஏறுகிறதே, அதில் எங்கே போகிறோம் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஏறிய ஒரே ஜீவன் எங்கள் டெர்மினஸ் அக்காதான். யாராவது இதை மறுத்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை அம்பத்தூர் ஸ்டாப்பில் கொண்டுபோய் நிறுத்தி நிரூபிக்க நான் தயார்.

ஆறு வார இன்டர்ன்ஷிப்புக்காக அருப்புக்கோட்டையிலிருந்து வந்து இறங்கியிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு போல்ட் செய்யும் சின்னக் கம்பெனி. என்னைப் போட்ட இடம் இன்ஸ்பெக்‌ஷன் மேஜை. அந்த மேஜைக்கு மகாராணி டெர்மினஸ் அக்கா. முப்பது வயது, நீல கோட்டு, காதுக்குப் பின்னால் ஒரு பென்சில். போல்ட்டில் தலைமுடி அளவு வித்தியாசம் இருந்தாலும் சிவப்புத் தொட்டிக்குள் விட்டெறிவார்.

மேனேஜர் ஓடி வந்து கெஞ்சுவார். "இது போதும்மா, ஓடிடும்."

"ஓடும் சார். பிரேக் புடிக்கசொல்லோ நிக்காது. அப்ப நீங்க வந்து குறுக்க நிப்பீங்களா?"

மேனேஜர் போய்விடுவார். ஆறு நாளும் இப்படி அளந்து தள்ளுகிறவர், ஏழாவது நாள் முற்றிலும் வேறு ஆள்.

முதல் சனிக்கிழமை கேட்டார். "இன்னா அருப்பு, நாளைக்கு இன்னா பண்ணப் போற?" ஊர்ப் பேரைச் சொன்ன மறுநிமிஷமே என் பேர் அருப்பு ஆகியிருந்தது.

"பீச் பாக்கணும்க்கா. மேப்ல எல்லாம் பாத்து வச்சிருக்கேன்."

"மேப்பா? அத்த உள்ள வையி. பத்து மணிக்கு ஸ்டாப்பாண்ட வந்துடு."

சேக்காட்டில் இருக்கும் தன் வீட்டில் காலைப் பூசையை முடித்துவிட்டு அக்கா நேராக வந்தார். அப்போதுதான் சட்டதிட்டங்கள் தெரிந்தன. முன்பக்கம் பிங்க் அடித்த பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். அப்படி முதலில் எது வருகிறதோ அதில் ஏற வேண்டும். போர்டைப் பார்க்கக் கூடாது. கடைசி ஸ்டாப்பான டெர்மினஸ் வரை இறங்கக் கூடாது. போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன விற்கிறதோ அதைச் சாப்பிட்டே ஆக வேண்டும். வழி தெரியாவிட்டால் கேட்கலாம், ஆனால் சுமை தூக்கிப் போகிறவர்களிடம் மட்டும்.

"ஏன்க்கா, சும்மா நிக்கிறவங்கட்ட கேட்டா என்ன?"

"சும்மா நிக்கிறவன் பேச்சுத் தொணைக்கு ஆளு தேடினு நிப்பான். உன் ஊரு, பேரு எல்லாம் கேட்டுட்டு அப்பால தெரியாதும்பான். தலைல மூட்ட கீறவன் நாலே வார்த்தைல சொல்லிட்டுப் போயிகினே இருப்பான்."

சோதித்துப் பார்த்தேன். நூற்றுக்கு நூறு உண்மை.

எதற்கு இந்த விளையாட்டு என்று கேட்டதற்கு, "ஆறு நாளும் அளந்துகினே கீறேன். ஒரு நாளாச்சும் அளவு தெரியாத எடத்துல போய் நிக்க வேணாமா?" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. வாராவாரம் பின்னாலேயே போனேன். ஆவடியில் மசாலா பொரி. நசரத்பேட்டையில் மிளகாய்ப்பொடி தூவிய கொய்யா. பூந்தமல்லியில் மூன்று முறை, மூன்று கடையில் மூன்று வித பரோட்டா. ஒரு கடைசி ஸ்டாப்பில் விற்றது துடைப்பம் மட்டும்தான். அக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பெரிய மனது பண்ணிச் சட்டத்தை ஒரு நாள் தளர்த்தினார்.

கடல் மட்டும் வரவில்லை. எந்த பஸ்ஸும் எங்களைக் கடல் பக்கம் கொண்டுபோகவில்லை. விதியோ என்றுகூட நினைத்தேன். ஐந்தாவது வாரம்தான் மண்டையில் உறைத்தது: நாங்கள் நிற்கிற பக்கம் வருவதெல்லாம் மேற்கே போகிற பஸ். ஊருக்குள் போகிற பஸ் எதிர்ப்பக்கம் வருகிறது!

"அக்கா, நாம ரோட்டத் தாண்டி நின்னா பீச்சுக்குப் போயிரலாம்!"

"அந்தாண்ட நெழலு இல்லியே அருப்பு."

அவ்வளவுதான். ஒரு தூங்குமூஞ்சி மரத்து நிழலால் சென்னை எனக்கு ஆவடியும் பூந்தமல்லியுமாகவே முடிந்துபோனது.

இதற்கிடையில் மேனேஜர், படிப்பு முடிந்ததும் இங்கேயே வேலைக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டார். நான் தலைகால் புரியாமல் வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பா தனியார் பஸ் கண்டக்டர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா.

"அந்த ஊர்ல நீ தொலையாம நடமாடுறியான்னு நான் கண்ணால பாக்கணும் தாயி. ஞாயித்துக்கெழம வாரேன். ஒரு தடவ வழி மாறுனாலும் பெட்டியக் கட்டிக்கிட்டு எங்கூட வந்துரணும். வேல கீல எல்லாம் அதுக்கப்புறம் பேசப்பிடாது."

அக்காவிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். இந்த ஒரு ஞாயிறு மட்டும் திட்டம் போட்டு, போர்டு பார்த்துப் போகலாம் என்று. "சரி, சரி" என்றார். ஞாயிறு காலை அதே நிழலில் அதே சிரிப்போடு நின்றார். முதல் பிங்க் பஸ் வந்ததும் ஏறிக்கொண்டு, "வா நைனா, குந்து!" என்று அப்பாவுக்குப் பின்சீட்டைக் காட்டினார். அப்பா நைனாவாகிவிட்ட அதிர்ச்சியில் ஏறிவிட்டார்.

கரையான்சாவடியில் இறங்கியபோது அப்பா கேட்டார். "கடல் எங்கத்தா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த பஸ் வந்தது. நானும் அக்காவும் முன்வாசலில் ஏறினோம். அப்பா பின்வாசலுக்குப் போனார். பஸ் கிளம்பியதும் திரும்பிப் பார்த்தேன். பின்னால் அப்பா இல்லை. போன் செய்தேன். மணி என் பைக்குள்ளேயே அடித்தது. சார்ஜ் போட அவர் போனை நான்தான் வாங்கி வைத்திருந்தேன்.

அடுத்த ஸ்டாப்பில் குதித்து ஓடி வந்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. வழி மாறினால் வேலை போச்சு என்பது ஒப்பந்தம். அப்பாவையே தொலைத்தால் என்ன தண்டனை என்று பேசிக்கொள்ளவில்லையே!

அக்கா கூட்டத்தைப் பார்த்தார். சும்மா நின்ற பத்துப் பேரைத் தாண்டிப் போய், தலையில் பூக்கூடையோடு வேகமாகப் போன அம்மாவை மடக்கி, அப்பாவின் அடையாளம் சொல்லிக் கேட்டார்.

"பாக்கெட்டுல ரெண்டு பேனா வச்சுகினு, விசிலு ஊதத் தெர்லன்னு கண்டக்டராண்ட சண்ட போட்டுகினே ஏறுனாரே, அவரா? ஆவடி பஸ்ஸு." நடையை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனார்.

பின்னால் நின்ற பஸ்ஸின் கண்டக்டருக்கு விசில் வகுப்பு எடுக்கப் போயிருக்கிறார் என் அப்பா.

"இங்கியே நிப்பமாக்கா? அடுத்த ஸ்டாப்ல எறங்கித் திரும்பி வருவாரோ?"

"அத்த நீ சொல்லு. உன் நைனா நடுவுல எறங்குற ஆளா?"

யோசித்தேன். காய்ச்சலில் நடுங்கிய நாளில்கூட அப்பா பாதி டிரிப்பில் இறங்கியதில்லை. கடைசி ஸ்டாப் போய், டைம் கீப்பரிடம் கணக்கெழுதினால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

"இல்லக்கா. ஆவடி ஸ்டாண்டுலதான் இருப்பாரு."

"அப்ப நீயே போர்டு பாத்து ஏத்து. நான் பாக்க மாட்டேன்." சொன்னபடியே கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி ஆவடி பஸ்ஸில் ஏறினார். பக்கத்து சீட்டிலிருந்த பெரியவர் பாவப்பட்டு எழுந்து இடம் கொடுத்தார். அக்கா கூச்சமில்லாமல் உட்கார்ந்தார்.

ஆவடி ஸ்டாண்டில், டைம் கீப்பர் அறையில், நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார் அப்பா. எதிரே அந்த இளம் கண்டக்டர் பவ்யமாக விசில் ஊதிக்காட்டிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். முகம் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது. "எப்பிடித்தா இங்க வந்த?"

"நீங்க கடைசி ஸ்டாப்லதான இறங்குவீங்க."

அப்பா டீ டம்ளரையே பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா வெளியே எதையோ சாப்பிடத் தேடிக்கொண்டிருந்தார்.

"தாயி, இருபத்தாறு வருச கண்டக்டரு பஸ்ஸு மாறி ஏறிட்டான்னு உங்க அம்மாட்ட மட்டும் சொல்லிராத. வேலைக்கு நீ தாராளமா போ."

அடுத்த மாதம் அதே மேஜைக்குப் போகிறேன். கடலை இன்னும் பார்க்கவில்லை.

இன்டர்ன்ஷிப் முடிந்து நான் ஊருக்குக் கிளம்பிய சாயங்காலம், அக்காவும் என் பையைத் தூக்கிக்கொண்டு கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். வழியெல்லாம் நான்தான் போர்டு படித்தேன். அக்கா வழக்கம்போல வானத்தைப் பார்த்தார். என்னை ஜன்னல் சீட்டில் உட்காரவைத்துவிட்டு இறங்கி, கண்டக்டரிடம் போனார்.

"அண்ணாத்தே, இது அருப்புக்கோட்டைக்குத்தான போவுது? நடுவுல வேற எங்கியும் திருப்பிட மாட்டியே?"

"போர்டுல போட்டிருக்கு பாரும்மா."

அக்கா பஸ்ஸின் முன்னால் போய் நின்றார். காதுக்குப் பின்னாலிருந்த பென்சிலைக் கையில் எடுத்து நீட்டி, போல்ட்டைச் சோதிக்கிற அதே முகத்தோடு, அந்தப் போர்டை எழுத்தெழுத்தாக மூன்று தடவை படித்தார்.