விமானம் விழுந்தால் உண்டு, கரையான் அரித்தால் இல்லை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் சௌக்கியம். உங்கள் முட்டிவலி குறைந்து நீங்கள் மாடிப்படி ஏறத் தொடங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். மற்ற விசாரிப்புகளை நேரில் வைத்துக்கொள்வோம். ஏனென்றால் இந்தக் கடிதம் கண்டவுடன் நீங்கள் கிளம்பி வர வேண்டும். வந்து, உங்கள் தங்கையிடம் "இந்த வீடு நமக்கு வேண்டாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொன்னால் எடுபடாது, இருபத்தாறு வருஷமாக எடுபட்டதில்லை. நீங்கள் அண்ணன், ஒருவேளை எடுபடலாம். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் கடன் இல்லை, கடன் இல்லாவிட்டால் வீடு இல்லை. போட மாட்டேன் என்று பேனாவை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஃபோனில் சொல்லலாம் என்றால் இந்த வாடகை வீட்டில் ஓர் அறையில் இருமினால் மறு அறையிலிருந்து தண்ணீர் கொண்டு வருகிறாள், ரகசியம் எப்படிப் பேசுவது?

வீட்டில் குறை ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு அறை, காற்று வருகிற சமையலறை. நான் போய், பஸ் எடுக்கும் முன் டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல எல்லாச் சுவரையும் தட்டிப் பார்த்தேன், குழாய்களைத் திறந்து மூடினேன், ஜன்னல்களை ஆட்டினேன். விற்பவர் "சார், கழண்டுடப் போகுது" என்று பின்னாலேயே வந்தார். கழலவில்லை. உங்கள் தங்கைக்கு அந்த வீட்டின்மேல் ஏன் இத்தனை ஆசை என்று உங்களுக்கே தெரியும். ஒன்பது வாடகை வீடு மாறியிருக்கிறோம், ஒன்பதிலும் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லித்தான் சாவி கொடுத்தார்கள். எங்கள் கல்யாணப் படம் இன்றுவரை பீரோவின் மேல் சாய்ந்துதான் நிற்கிறது. கடன் கிடைக்கப் போகிறது என்று தெரிந்த அன்றே அவள் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வரும் வழியில் ஒரு டப்பா ஆணி வாங்கி வந்துவிட்டாள். இன்னும் சுவர் வரவில்லை, ஆணி வந்துவிட்டது.

பிரச்சினை இன்சூரன்ஸில் ஆரம்பித்தது. கடன் கொடுக்கிற பாங்க், வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்தே தீர வேண்டும் என்றது. சரி, நியாயம்தான் என்று நினைத்தேன். பாங்க்காரர்களே ஒன்று வைத்திருந்தார்கள், கீழ்வீட்டு ஏஜெண்ட் வேறொன்று கொண்டு வந்தார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் வரி விடாமல் படித்தேன். மச்சான், படிக்காமலே இருந்திருக்கலாம். இடி விழுந்தால் பணம் உண்டாம், கலவரம் நடந்தால் உண்டாம், ஆகாய விமானம் வந்து வீட்டின்மேல் விழுந்தால்கூட உண்டாம். கரையான் அரித்தால் மட்டும் கிடையாதாம். அறுபது வயதில் நான் எத்தனையோ கரையானைப் பார்த்திருக்கிறேன், யார் வீட்டின்மேலும் விமானம் விழுந்து பார்த்ததில்லை. இதைக் கேட்டால் ஏஜெண்ட், "விமானத்துக்கு அவங்களா குடுக்கறாங்க சார், வேண்டாம்னா சொல்ல முடியும்?" என்கிறார். அதுகூடப் போகட்டும். அடுத்த வரியில், வெளி வண்டி வந்து சுவரில் மோதினால் பணம் உண்டு, வீட்டுக்காரர் தன் வண்டியால் தானே மோதினால் கிடையாது என்று போட்டிருந்தது. முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி, ஒரு கீறல் இல்லாமல் இறங்கி வந்தவன் நான். என்னைப் பார்த்து இதை எழுதலாமா? யாரை மனதில் வைத்து எழுதினார்கள் என்று அரை மணி நேரம் வாதாடினேன். ஏஜெண்ட் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர், இப்போது என்னைக் கண்டால் மாடிப்படிக்கு அந்தப் பக்கம் ஒதுங்குகிறார். கடைசியில் உங்கள் தங்கை இரண்டு தாளையும் வாங்கி, எதில் வெள்ளம் வந்தாலும் பணம் உண்டு என்று மட்டும் பார்த்து, ஐந்து நிமிஷத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். புது வீடு பள்ளத்தில் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் அவள் மெதுவாக, "இன்னொண்ணும் இருக்கு. கடன் வாங்கினவங்க உயிருக்கும் ஒரு இன்சூரன்ஸ் எடுக்கணுமாம். பாங்க்ல கேக்கறாங்க" என்றாள். கடன் முடிவதற்குள் ஆள் போய்விட்டால் பாக்கியைக் கம்பெனியே கட்டிவிடுமாம். எனக்குப் பயம்தான். ஆனாலும் ஆண்பிள்ளை அல்லவா, காட்டிக்கொள்ளவில்லை. ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டதும் அன்றிலிருந்தே சர்க்கரையை விட்டேன். காலையில் நடந்தேன், சாயங்காலமும் நடந்தேன், நடுவில் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். நான் போன பிறகு எந்தக் காகிதம் எந்தப் பையில் இருக்கும் என்று மூன்று பக்கம் எழுதினேன். அதை அவளிடம் படித்தும் காட்டினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியது, எதனால் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை காலை லேபிலிருந்து ஒரு பெண் பையோடு வந்தாள். முதல்நாள் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடாமல் இருந்த நான், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினேன். ஊசி வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். "சார், உங்களுக்கு இல்ல, அம்மாவுக்கு" என்றாள் அந்தப் பெண். "நல்லாப் பாரும்மா" என்றேன். கையிலிருந்த ஃபாரத்தைப் பார்த்தாள். "அவங்க சம்பளத்துலதானே கடன்? நீங்க கூடக் கையெழுத்துப் போடறவர் மட்டும்தான்" என்றாள். உங்கள் தங்கை வந்து, நான் சூடுபண்ணி வைத்திருந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

மச்சான், மூன்று வாரம் நான் எதை எதையோ யோசித்தேன். இடியை யோசித்தேன், விமானத்தை யோசித்தேன், என் சாவை மூன்று பக்கத்துக்கு யோசித்தேன். அவளுக்கு ஒன்று ஆகலாம் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அவளுக்கு ஐம்பத்தொரு வயது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் புரட்டிப் போட்டு இடுப்பு போயிருக்கிறது. அவள் போய்வருகிற ஆஸ்பத்திரி வேன்காரன் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறான். இதெல்லாம் அந்தக் குப்பியில் ரத்தம் ஏறும்போதுதான் எனக்குத் தெரிகிறது. அன்றிலிருந்து காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவன்போல அலைகிறேன். அவள் தும்மினால் எழுந்து நிற்கிறேன்.

இன்று பாங்க்குக்குப் போனோம். அந்த அதிகாரி, சின்னப் பெண், நல்ல பெண்தான். கடன் தாளோடு அந்த இன்சூரன்ஸ் தாளையும் சேர்த்து என் பக்கம் நகர்த்தி, "ஒருவேளை மேடத்துக்கு ஏதாவது ஆச்சுன்னா, பாக்கியைக் கம்பெனி கட்டிடும் சார். வீடு முழுசா உங்களுக்கே" என்று, ஏதோ எனக்குப் பரிசு விழுந்ததுபோலச் சொன்னாள். நான் கேட்டேன்: "அவ இல்லாத வீட்ல நான் என்னம்மா பண்ணுவேன்? ஆணி அடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கவா?" பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இந்தத் தாள் இல்லாம முடியாதா? உங்க பாங்க் ஏன் இப்படி ஆள் உயிரைக் கேக்குது?" என்றேன். அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உங்கள் தங்கை அவளை ஒரு பார்வை பார்த்தாள், அவள் வாயை மூடிக்கொண்டாள். பிறகு என்னிடம், "கையெழுத்துப் போடுங்க. நான் எங்கயும் போகல. டியூட்டிக்குத்தான் நேரமாச்சு" என்றாள். போட மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அவள் டியூட்டிக்குப் போகும் முன் வீட்டுக்கு வந்து அந்த ஆணி டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும் கையெழுத்து மட்டும் வரமாட்டேன் என்கிறது.

ஆகையால் மச்சான், வந்து சொல்லுங்கள். பத்தாவது வாடகை வீடு பார்த்துக்கொள்வோம். இப்படி ஒரு தாளைக் கேட்கிற பாங்க்கின் பணம் எனக்கு வேண்டாம். எனக்கு அவள் போதும். இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள், தலைக்கனம் ஏறிவிடும்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதத்தையும் சொல்லவும். உங்கள் முட்டி நூறு வருஷம் மடங்கி நிமிரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்

பி.கு.: இந்தக் கடிதம் எழுதியது உங்கள் தங்கைக்குத் தெரியவே கூடாது. தபால்பெட்டி ஆஸ்பத்திரி வாசலில் இருப்பதால் அவளிடமே கொடுத்துப் போடச் சொல்கிறேன். உங்கள் முட்டிவலிக்கு ஒரு தைலம் எழுதியிருப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணா, நான்தான். உறையை ஒட்ட மறந்துவிட்டார். மூன்று நாளாக என் கைப்பையில் இருக்கிறது, எடுத்து எடுத்துப் படித்ததில் மடிப்பு கிழிந்துவிட்டது, மன்னிக்கவும். பாங்க் கேட்டது வீட்டு இன்சூரன்ஸ் மட்டும்தான். என் பேரில் எடுப்பது நானாகக் கேட்டு எடுப்பது. வார்டு வாசல் பெஞ்சில் தினமும் பார்க்கிறேன், ஆள் போன பிறகு ஃபாரம் நிரப்பத் தெரியாமல் முழிப்பவர்களை. இவருக்கு கேஸ் சிலிண்டர் பதிவு செய்யக்கூடத் தெரியாது. வீட்டுக் கவலையாவது இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் எடுத்தேன். பாங்க் மேலேயே பழி இருக்கட்டும், சொல்லிவிடாதீர்கள்.

நீங்கள் வந்து ஒன்றும் சொல்ல வேண்டாம். நேற்று அவரே ஆணி டப்பாவைப் பரணிலிருந்து இறக்கினார், பாங்க்குக்கு வந்து கையெழுத்தும் போட்டுவிட்டார், ஒரு நிபந்தனையோடு. இனிமேல் நான் ஆஸ்பத்திரி வேனில் ஏறக் கூடாதாம், அவரேதான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவாராம். இன்று எனக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு டியூட்டி. இவர் காலை ஏழு மணியிலிருந்து ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்.